செகண்ட் ஹேண்ட் ஹைபிரிட் கார்... கந்தக பூமியின் வெயிலில் பேட்டரி தாங்குமா?

தீபாவளி முடிந்து வரவு செலவுக் கணக்கு பைசல் ஆனதும், சிவகாசி, சாத்தூர், திருத்தங்கல் ஏரியாவில் கார் புரோக்கர்களின் போன் ஓயாமல் அடிக்க ஆரம்பிக்கும். பட்டாசு என்றால் தீபாவளி. காலண்டர், டைரி என்றால் ஆடிப்பெருக்கில் ஆரம்பித்து டிசம்பர் வரை. மாதச் சம்பளம் போல் சீராக வராமல், சீஸனுக்கு மொத்தமாகப் பணம் கைக்கு வரும் ஊர் இது. அந்தப் பணத்தில் கடனை அடைத்து, நகை எடுத்து, மீதியில் 'ஒரு நல்ல வண்டி' பார்ப்பது இங்கே வழக்கம். அந்த 'நல்ல வண்டி' லிஸ்ட்டில் இப்போது புதிதாக ஒரு பெயர் சேர்ந்திருக்கிறது... ஹைபிரிட்.

காரணம் சிம்பிள். 2022 மே மாதம் ஹோண்டா சிட்டி இ:ஹெச்இவி வந்தது. அதே வருஷம் செப்டம்பர் வாக்கில் மாருதி கிராண்ட் விட்டாராவும் டொயோட்டா ஹைரைடரும் வந்தன. பின்னாலேயே இன்னோவா ஹைக்ராஸ். அப்போது புதிதாக வாங்கியவர்கள் இப்போது வண்டி மாற்றும் நேரம். அந்த வண்டிகள் மதுரை, கோவை, சென்னை யூஸ்டு கார் ஷோரூம்கள் வழியாக விருதுநகர் பக்கமும் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டன. 'லிட்டருக்கு 27 கொடுக்கும் சார்' என்று புரோக்கர் சொல்லும்போது யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால், அடுத்த கேள்வியை நீங்கள் கேட்டால் அவர் பேச்சை மாற்றுவார். 'பேட்டரி போச்சுன்னா என்ன பண்றது?'

இந்தக் கேள்விக்கு பதில் தெரியாமல் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். இதில் பயமுறுத்தலும் அதிகம், அலட்சியமும் அதிகம். ரெண்டுமே தப்பு.

முதலில், அது உண்மையிலேயே ஹைபிரிட்தானா?

யூஸ்டு கார் மார்க்கெட்டில் நடக்கும் பெரிய குழப்பமே இதுதான். 2015-ல் மாருதி சியாஸ், எர்டிகா டீசல் வண்டிகளில் 'எஸ்ஹெச்விஎஸ்' என்று ஒரு பேட்ஜ் ஒட்டி வந்தது ஞாபகம் இருக்கா? அது மைல்டு ஹைபிரிட். சிக்னலில் இன்ஜினை அணைத்து ஆன் செய்யும், கிளம்பும்போது ஒரு சின்னக் கைகொடுக்கும், அவ்வளவுதான். மோட்டாரை மட்டும் வைத்து அந்த வண்டி ஓர் அடி கூட நகராது. மத்திய அரசின் ஃபேம் திட்டத்தில் ஆரம்பத்தில் இதற்கும் மானியம் கிடைத்தது. 2017 ஏப்ரலில் அதை நிறுத்திவிட்டார்கள்.

இப்போது பிரச்னை என்னவென்றால், கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் ரெண்டுமே மைல்டு, ஸ்ட்ராங் என இரண்டு வகையிலும் வந்திருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட ஒரே வண்டி. விளம்பரத்தில் 'ஹைபிரிட்' என்று மட்டும் போட்டிருந்தால் உஷாராகுங்கள். மேனுவல் கியர் இருந்தால் அது ஸ்ட்ராங் ஹைபிரிட் இல்லை. அங்கேயே விஷயம் முடிந்தது. ஸ்டார்ட் பட்டனை அழுத்தியதும் இன்ஜின் சத்தமே இல்லாமல் மீட்டரில் 'ரெடி' என்று வந்தால் அது ஸ்ட்ராங். டிக்கியையும் திறந்து பாருங்கள். சாதாரண சிட்டியில் 506 லிட்டர் டிக்கி. ஹைபிரிட் சிட்டியில் அது 306 லிட்டர்தான். காணாமல் போன 200 லிட்டர் இடத்தில் உட்கார்ந்திருப்பதுதான் நாம் பேசப்போகும் பேட்டரி.

முக்கால் யூனிட் கரன்ட்!

எலெக்ட்ரிக் கார் பேட்டரிக்குச் சொல்லும் பயத்தையெல்லாம் அப்படியே ஹைபிரிட்டுக்கும் சொல்கிறார்கள். ஆனால், அளவை ஒப்பிட்டுப் பாருங்கள். கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைபிரிட்டின் லித்தியம் அயன் பேட்டரி 0.76 கிலோவாட் ஹவர். நம்ம ஊர் ஈ.பி கணக்கில் முக்கால் யூனிட். முதன்முதலில் வந்த டாடா நெக்ஸான் ஈவியின் பேட்டரி 30.2 யூனிட். அதாவது, நாற்பதில் ஒரு பங்குதான் இது. ஹைபிரிட் பேட்டரி, தண்ணீர்த் தொட்டி மாதிரி நிரப்பி வைத்துச் செலவழிப்பதற்கு இல்லை. கல்லாப்பெட்டி சில்லறை மாதிரி, பிரேக் பிடிக்கும்போது உள்ளே போகும். கிளம்பும்போது வெளியே வரும். நாள் முழுக்க இதே வேலைதான்.

இவ்வளவு முறை சார்ஜ் ஏறி இறங்கினால் சீக்கிரம் தேய்ந்துவிடாதா? அதைத் தடுக்கத்தான் வண்டியின் கம்ப்யூட்டர் பேட்டரியை முழுசாக நிரம்பவும் விடாது, காலியாகவும் விடாது, நடுவாந்தரமாகவே வைத்திருக்கும். 1997 டிசம்பரில் ஜப்பானில் முதல் ப்ரியஸ் வந்ததிலிருந்து இந்த உத்திதான். அதனால்தான் எட்டு வருஷம் அல்லது 1,60,000 கி.மீ என்று கம்பெனிகளால் தைரியமாக வாரன்ட்டி கொடுக்க முடிகிறது. சிட்டி, கிராண்ட் விட்டாரா, ஹைரைடர், ஹைக்ராஸ் எல்லாவற்றுக்கும் ஹைபிரிட் பேட்டரிக்கு இந்தக் கணக்குதான்.

பேட்டரியிலும் ரெண்டு ஜாதி உண்டு. சிட்டி, கிராண்ட் விட்டாரா, ஹைரைடரில் இருப்பது லித்தியம் அயன். ஹைக்ராஸிலும் பழைய கேம்ரி, ப்ரியஸிலும் இருப்பது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. இது கனம் அதிகம். ஆனால் பழகிய சரக்கு. இரண்டாம், மூன்றாம் தலைமுறை ப்ரியஸ் பேட்டரிக்குள் 28 மாட்யூல்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஆறு செல். மொத்தம் 168 செல், 201.6 வோல்ட். பேட்டரி 'போச்சு' என்றால் பெரும்பாலும் 28-ம் ஒரேயடியாகச் செத்துப்போகாது. ஒன்றிரண்டு மாட்யூல் பலவீனமாகி, மற்றவற்றோடு வோல்டேஜ் ஒத்துப்போகாமல் முரண்டு பிடிக்கும். உடனே கம்ப்யூட்டர் விளக்கைப் போட்டுவிடும். டொயோட்டா வண்டிகளில் ஸ்கேனரை மாட்டினால் 'பி0ஏ80' என்று ஒரு கோடு வரும். உலகம் முழுக்க ப்ரியஸ் வைத்திருப்பவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும் கோடு அது.

வெயிலும் தூசியும்

சிவகாசிக்குத் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத்தொழிலும் வேர்பிடித்ததற்கு இந்த வறண்ட காற்றும் வெயிலும்தான் பெரிய காரணம். மழை குறைவு, ஈரப்பதம் குறைவு. மருந்து காயும், மை காயும். தொழிலுக்கு வரமான அதே வெயில்தான் பேட்டரிக்குச் சாபம். பேட்டரி எந்த ஜாதியாக இருந்தாலும் சூட்டில் சீக்கிரம் கிழடு தட்டும். லித்தியம் அயன் பேட்டரிக்கு இன்னொரு குணமும் உண்டு: வண்டி ஓடாமல் நின்றாலும் அதற்கு வயசு கூடிக்கொண்டேதான் இருக்கும், நிற்கிற இடம் சூடாக இருந்தால் இன்னும் வேகமாகக் கூடும். மே மாதத்தில் 38, 40 டிகிரி வெயிலில், ஆலை வாசலில் தகர ஷெட் கூட இல்லாமல் காலையிலிருந்து மாலை வரை நிற்கும் காருக்குள் எவ்வளவு சூடு இருக்கும் என்று கதவைத் திறந்தவர்களுக்குத் தெரியும். ஆகவே, 'ஓனர் அதிகம் ஓட்டலை சார், வெறும் 15,000 கி.மீதான்' என்பது ஹைபிரிட்டைப் பொறுத்தவரை தனியாக ஒரு தகுதியே கிடையாது. எங்கே நின்றது என்று கேளுங்கள்.

இந்தச் சூட்டைச் சமாளிக்க பேட்டரிக்கு ஒரு ஃபேன் வைத்திருப்பார்கள். அது கேபினுக்குள் இருக்கும் ஏசி காற்றை இழுத்து பேட்டரியைக் குளிர வைக்கும். பெரும்பாலான மாடல்களில் அந்தக் காற்று போகும் வழி பின் சீட்டை ஒட்டித்தான் இருக்கும். பார்த்தால் ஏதோ ஸ்பீக்கர் மூடி போலத் தெரியும். பல மாடல்களில் அங்கே ஒரு சின்ன ஃபில்டரும் உண்டு. விருதுநகர் மாவட்டத்தின் செம்மண், கரிசல் தூசியோடு பேப்பர் தூசியும் சேர்ந்து அந்த ஃபில்டரை அடைத்தால், ஃபேன் கத்தும், பேட்டரி வேகும். அதைத் திறந்து சுத்தம் செய்ய ஆகும் செலவு அற்பம். செய்யாமல் விட்டால் வரும் செலவு லட்சங்களில்.

தீபாவளி சமயத்தில் இன்னொரு கூத்து நடக்கும். வெளியூர் சொந்தக்காரர்களுக்கெல்லாம் கிஃப்ட் பாக்ஸ் கொண்டுபோகிறேன் என்று பின் சீட்டிலும் டிக்கியிலும் கூரை முட்ட அட்டைப்பெட்டி அடுக்குவார்கள். எந்தக் காரிலும் அப்படிப் பட்டாசு ஏற்றுவது ஆபத்து. ஹைபிரிட்டில் கூடுதலாக, பேட்டரியின் மூக்கையும் பொத்திவிட்டு மதுரை வரை விரட்டுகிறோம். பெட்டியில் பட்டாசுக்குப் பதில் காலண்டர் இருந்தாலும் இந்த இரண்டாவது பிரச்னை அப்படியேதான் இருக்கும்.

டெஸ்ட் டிரைவில் என்ன பார்ப்பது?

மத்தியான வெயிலில் ஓட்டிப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு எல்லா பேட்டரியும் நல்ல பிள்ளைதான். ஏசியைப் போட்டு, பஜார் நெரிசலில் அரை மணி நேரம், அப்புறம் நான்குவழிச்சாலையில் கொஞ்ச தூரம். மீட்டரில் பேட்டரி அளவைக் காட்டும் கோடுகளைக் கவனியுங்கள். நல்ல பேட்டரியில் அது நிதானமாக ஏறி இறங்கும். மூப்பு தட்டிய பேட்டரியில் சிக்னலில் நிற்கும்போதே கடகடவென இறங்கும். கொஞ்சம் ஓட்டினால் அதே வேகத்தில் நிரம்பும். கொள்ளளவு குறைந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. நிற்கும்போது இன்ஜின் அடிக்கடி விழித்துக்கொள்கிறதா, பின்னாலிருந்து ஃபேன் சத்தம் விடாமல் கேட்கிறதா என்பதையும் பாருங்கள்.

அடுத்து, வாங்கும் முன் அந்தந்த கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய் ஹைபிரிட் சிஸ்டத்தை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். சேர்த்தே மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்க வேண்டும்: முழு சர்வீஸ் ஹிஸ்டரி, ஹைபிரிட் பேட்டரி வாரன்ட்டி எந்தத் தேதி வரை, ஓனர் மாறினாலும் அது செல்லுமா. கடைசியாகச் சொன்னதை வாய் வார்த்தையாக இல்லாமல் மெயிலிலோ பேப்பரிலோ வாங்குங்கள். டாக்ஸியாக ஓடிய ஹைக்ராஸ் என்றால் எட்டு வருஷத்துக்கு ரொம்ப முன்பே 1,60,000 கி.மீ முடிந்திருக்கலாம். அதை மறைக்கத்தான் மீட்டரைத் திருத்துவார்கள்; சர்வீஸ் ஹிஸ்டரியில் அந்தக் குட்டு உடையும்.

இன்னொன்று, வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையும், ரெண்டே வாரத்தில் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களும் மூழ்கியது மறந்திருக்காது. அந்த வருஷத்து வண்டிகள்தான் இப்போது மார்க்கெட்டுக்கு வருகின்றன. ஹைபிரிட் பேட்டரி தரை மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சாமான். டிக்கி மேட்டைத் தூக்கி, ஸ்டெப்னி குழியில் சேறு காய்ந்த தடம், போல்ட்டில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஷூரன்ஸ் கிளெய்ம் விவரத்தையும் கேளுங்கள். வெள்ளத்தில் நின்ற ஹைபிரிட், பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

'டெல்லி வண்டி சார், கேம்ரி ஹைபிரிட், சல்லிசா முடிச்சுத் தரேன்' என்பதும் அடிக்கடி காதில் விழும். 2013-ல் இங்கே வந்த கேம்ரி ஹைபிரிட் அருமையான வண்டிதான், நான் மறுக்கவில்லை. ஆனால், அதன் பேட்டரி வாரன்ட்டி முடிந்து பல வருஷமாகியிருக்கும். வெளிமாநில வண்டி என்பதால் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டு ஆயுள் வரியும் கட்ட வேண்டும். விலையில் மிச்சம் பிடித்ததை ஆர்.டி.ஓ ஆபீஸில் கட்டிவிட்டு, பேட்டரிக்குக் கைமாற்று வாங்குவீர்கள்.

கணக்கு உதைக்குதா, ஒத்து வருதா?

2023 நவம்பரில் தமிழக அரசு வாகன வரியை ஏற்றியது. 10 முதல் 20 லட்சம் ரூபாய் வரையிலான புது காருக்கு ஆயுள் வரி 18 சதவிகிதம். தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பழைய வண்டி என்றால் முதல் ஓனரே அதைக் கட்டியிருப்பார். பெயர் மாற்றும்போது நீங்கள் மறுபடி கட்ட வேண்டியதில்லை. யூஸ்டு கார் வாங்குபவருக்கு இது சத்தமில்லாத லாபம்.

ஜிஎஸ்டி விஷயம் வேறு மாதிரி. முன்பு நாலு மீட்டருக்கு மேற்பட்ட ஹைபிரிட்டுக்கு செஸ் சேர்த்து 43 சதவிகிதம், பெரிய எஸ்யூவிகளுக்கு 50 சதவிகிதம். 2025 செப்டம்பர் 22-லிருந்து ரெண்டுக்கும் ஒரே 40. எலெக்ட்ரிக் காருக்கு மட்டும் பழையபடி 5. அதாவது, ஹைபிரிட்டுக்கு வரி குறைந்தது கொஞ்சம். அதன் போட்டியாளர்களுக்குக் குறைந்தது நிறைய. உத்தரப்பிரதேச அரசு 2024-ல் ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்குப் பதிவுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தபோது, நாடு முழுக்க இந்தச் சலுகை பரவும் என்று பேச்சு அடிபட்டது. பரவவில்லை. புது வண்டி விலை இறங்கியதால், பழைய ஹைபிரிட் விற்பவர் 2023-ல் தான் கொடுத்த ஆன்ரோடு விலையை வைத்துப் பேரம் பேசினால் ஏற்காதீர்கள். இன்றைய புது விலையிலிருந்துதான் கழிக்க வேண்டும். டீலரிடம் வாங்கினால், அவர் தன் லாபத்தின் மீது 18 சதவிகித ஜிஎஸ்டி கட்ட வேண்டும். அதை உங்கள் தலையில் முழு விலைக்கும் போட்டுச் சொன்னால் பில்லைக் கேளுங்கள். தனிநபரிடமிருந்து தனிநபர் வாங்கினால் அந்த வரி கிடையாது.

சரி, பெட்ரோல் மிச்சம் எவ்வளவு? மாதம் 1,000 கி.மீ ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண பெட்ரோல் எஸ்யூவி 14 கொடுத்தால் 71 லிட்டர். ஹைபிரிட் நிஜ ரோட்டில் 21 கொடுத்தால் 48 லிட்டருக்குள். வித்தியாசம் சுமார் 24 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் என்றால் மாதம் 2,400 ரூபாய். வருஷத்துக்கு 29,000-க்குப் பக்கம். நல்ல தொகைதான். ஆனால், வாரன்ட்டி முடிந்தபின் புது பேட்டரி மாற்றினால் சில வருஷ மிச்சம் ஒரே பில்லில் போய்விடும். இதில் இன்னொரு கண்டிஷனும் இருக்கிறது. ஹைபிரிட்டின் சாமர்த்தியமெல்லாம் நின்று நின்று போகும் டவுனில்தான். விருதுநகரிலிருந்து மதுரைக்கோ கோவில்பட்டிக்கோ நான்குவழிச்சாலையில் நூறைத் தொட்டுக்கொண்டே போகிறவருக்கு இந்த மைலேஜ் வித்தியாசம் சுருங்கும். உங்கள் ஓட்டம் ஹைவேயா, பஜாரா என்று முதலில் பாருங்கள்.

என்னைக் கேட்டால், 2022, 23 மாடலை, அதுவும் வாரன்ட்டி இன்னும் நாலு வருஷமாவது மிச்சம் இருப்பதை மட்டும் வாங்குவேன். 2023 ஜனவரியில் பதிவான வண்டிக்கு 2031 ஜனவரி வரை கவலை இல்லை. அதற்குப் பிறகு?

2030-க்குப் பிறகு யார் பார்ப்பார்கள்?

இதற்கு விடை கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஜப்பானில் ஓடிய ப்ரியஸ், அக்வா, ஃபிட், வெஸல் என்று பழைய ஹைபிரிட்களை ஆயிரக்கணக்கில் இறக்குமதி செய்த நாடு இலங்கை. 2020 மார்ச்சில் அங்கே வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பிப்ரவரியில்தான். நடுவில் அஞ்சு வருஷம்! இருக்கிற வண்டியை எப்படியாவது ஓட வைத்தே ஆக வேண்டிய கட்டாயத்தில், ஏற்கெனவே இருந்த ஹைபிரிட் பேட்டரி ரிப்பேர் தொழில் அங்கே நன்றாக வேரூன்றிவிட்டது. பேட்டரியைப் பிரித்து, மாட்யூல் ஒவ்வொன்றையும் அளந்து, செத்ததை மாற்றிக் கொடுக்கிறார்கள். செலவு குறைவு. ஆனால், பழைய மாட்யூல்களுக்கு நடுவே வேறு ஒன்றைச் செருகும் வேலை, கிழிந்த வேட்டியில் ஒட்டுப்போடுவது மாதிரி. ஒட்டுப்போட்ட இடம் நிற்கும். அதன் பக்கத்தில் கிழியும்.

நம் பக்கம் அந்த அளவுக்குக்கூட ஆட்கள் இன்னும் உருவாகவில்லை. விருதுநகரில் இன்வெர்ட்டர் பேட்டரி கடைகளுக்குப் பஞ்சமில்லை. அச்சு இயந்திரத்தைப் பிரித்து மேயும் மெக்கானிக்குகள் சிவகாசியில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கொல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்த ஊர் இது. கற்றுக்கொள்ளத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால், ஹைபிரிட் பேட்டரி 12 வோல்ட் விவகாரம் கிடையாது. ஆரஞ்சு நிற ஒயரில் 170, 200 வோல்டுக்கு மேல் டிசி ஓடுகிறது, ஆளைக் கொல்லும். சர்வீஸ் பிளக்கைக் கழற்றிய பிறகும் பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். அதற்கென இருக்கும் உறைகளை அணியாமல் கை வைக்கக் கூடாது. இதைச் சொல்லித்தர ஐ.டி.ஐ-களில் இப்போதே முறையான பயிற்சி ஆரம்பித்தால்தான் 2030-க்கு ஆள் கிடைக்கும். ஐரோப்பாவில் 2027 பிப்ரவரியிலிருந்து வாகன பேட்டரிகளுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் வரப்போகிறது. இங்கே ஆர்.சி பெயர் மாற்றும்போது பேட்டரியின் ஆரோக்கியம் பற்றி ஒரு வரிகூட எந்தப் படிவத்திலும் இல்லை.

அதுவரை நம்மால் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். நிழலில் நிறுத்துங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் பேட்டரி ஃபேன் ஃபில்டரைக் காட்டச் சொல்லுங்கள். ஆலை விடுமுறை, ஊர் திருவிழா என்று வண்டி வாரக்கணக்கில் நிற்கும் என்றால், வாரம் ஒருமுறை 'ரெடி'யில் போட்டு கொஞ்ச நேரம் விடுங்கள். நெரிசலில் நிற்கும்போது 'என்'-ல் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்; டொயோட்டா ஹைபிரிட்களில் நியூட்ரலில் பேட்டரி சார்ஜே ஆகாது. 'டி'-யிலோ 'பி'-யிலோ வைத்தால் போதும். இன்வெர்ட்டருக்குத் தனி கூலன்ட் இருக்கும் வண்டிகளில் குழாய்த் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள். வண்டி திடீரென்று உயிரில்லாமல் கிடந்தால் பெரிய பேட்டரி போச்சு என்று பதற வேண்டாம். பல நேரம் குற்றவாளி அந்தச் சின்ன 12 வோல்ட் பேட்டரிதான். பக்கத்து வீட்டு டாடா ஏஸ் ஸ்டார்ட் ஆகவில்லை என்று உங்கள் ஹைபிரிட்டிலிருந்து ஒயர் கொடுத்து உதவப் போகாதீர்கள்; அவருக்கு உதவி, உங்களுக்குச் செலவு.

மாற்றிய பழைய பேட்டரியை எடைக்குப் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2022-ல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. சர்வீஸ் சென்டரிலேயே ஒப்படைத்து, பில்லில் அதற்கு ஏதாவது கழிக்கிறார்களா என்று கேளுங்கள்.